கம்பி, மரம், ஆறு, எதிர்மலை

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிய யாரும் அக்காவின் முகத்தை முதலில் பார்த்ததில்லை. குரலைத்தான் கேட்டார்கள். எந்தப் பேருந்து எந்த வாசலில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய குழந்தை அறிவிப்பு அறையில் அழுதுகொண்டிருக்கிறது என்று தகரக் கூரைக்குக் கீழே தொங்கிய ஒலிபெருக்கிகள் சொல்லும். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்லும். முதல் தடவை ஊருக்கு, இரண்டாவது தடவை கவனிக்காதவர்களுக்கு என்பது அக்காவின் கணக்கு. அதனால் இரண்டாவது தடவை கொஞ்சம் நிதானமாக இருக்கும்.

வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "சாப்பாடு ஆறுது. சாப்பாடு... ஆறுது" என்று அவர் உள்ளேயிருந்து கூப்பிட்டால், அவர் கணவர் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமலே, "எத்தனாவது வாசல்?" என்று கேட்பார். ஊர் அக்காவுக்கு வைத்த பெயர் 'ரெண்டு தடவை அக்கா'. நேரில் கூப்பிடும்போது வெறும் அக்கா.

நான் மேலே காட்சிமுனையில் புகைப்படம் எடுத்துக் கையோடு அச்சுப் போட்டுக் கொடுக்கிறவன். எல்லார் கையிலும் கேமரா போன் வந்த பிறகும் தொழிலை விடாததால் என்னை ஊர் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறது. பார்க்கட்டும். எங்கள் ஊர்ச் சுற்றுலாச் சங்கத்தை நான்தான் உண்டாக்கினேன் என்று மார் தட்டிக்கொள்ள இப்போது ஐந்தாறு பேர் கிளம்பியிருக்கிறார்கள். அதில் ஒருவரையும் நம்பாதீர்கள். உண்டாக்கியது அக்கா. நான் பக்கத்தில் நின்று பார்த்தவன், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு மக்கள் வருவது ஒரே ஒரு காரணத்துக்கு. மலையின் விளிம்பில் ஓர் இடம் இருக்கிறது. இரும்புக் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றால் காலடியில் பள்ளத்தாக்கு திறக்கும். சரிவில் ஒற்றை மரம், அடியில் ஆறு, அதற்கும் அப்பால் எதிர்மலை. முதல் தடவை பார்க்கிறவர்கள் கம்பியிலிருந்து கையை எடுக்கமாட்டார்கள். அது நல்ல நாளில். மற்ற நாளில் மேகம் ஏறிவந்து விளிம்பில் உட்கார்ந்துவிடும். அப்போது வெள்ளைச் சுவரை முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். வருஷத்தில் பாதி அப்படித்தான்.

இதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த மருந்து ஒரே வாக்கியம்: "பத்து நிமிஷத்துல விலகிடும்." பேருந்திலிருந்து இறங்கக் காலை வைக்கும்போதே வேன்காரர்கள் சொல்வார்கள். மேலே போனால் சோளம் சுட்டு விற்கும் அம்மா சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன், வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஆளை நிறுத்திப் படமும் எடுத்திருக்கிறேன். இதைப் பொய் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. நம்பி வந்தவர்களிடம் காட்டும் மரியாதை என்றுதான் நினைத்தோம். வந்தவுடனே "இன்னிக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொன்னால் அவர்கள் மனசு என்ன பாடுபடும்? சொல்லிச் சொல்லி எங்களுக்கே நம்பிக்கை வந்து, நாங்களும் அவர்களோடு சேர்ந்து மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்போம்.

கீழே பேருந்து நிலையத்தில் நடந்த கூத்து தனி. பெட்டிகளுக்கு இரண்டு கைப்பிடி வைத்திருப்பதே இரண்டு லாட்ஜ் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் இழுப்பதற்காகத்தான் என்று தோன்றும். கணவனை ஒரு வேனிலும் மனைவியை இன்னொரு வேனிலும் ஏற்றிக்கொண்டு போன நாள்கூட உண்டு. பிறகு அவர்களைச் சேர்த்துவைக்க அக்கா ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டும்.

சாயங்காலம் ஏமாந்தவர்கள் எல்லாரும் கீழே வந்து, திட்டுவதற்கு ஒரு முகம் தேடுவார்கள். வேன்காரர் அதற்குள் அடுத்த சவாரிக்குப் போயிருப்பார். லாட்ஜ்காரர் கணக்கு முடித்திருப்பார். ஊரிலேயே நகராமல் இருக்கும் மனித முகம் அறிவிப்பு அறை ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அக்காவுடையது. "உங்க ஊர்க்காரங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்று ஆரம்பித்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டுப் போவார்கள். அக்கா தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த பேருந்தை அறிவிப்பார்.

திட்டு வாங்கி வாங்கி மரத்துப் போயிருந்தவரை அசைத்தது, திட்டாத ஒரு பெண்மணி. வயதானவர். கணவரோடு காலையிலேயே வந்து, நாள் முழுக்க மேலே குளிரில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசிப் பேருந்துக்கு வந்தவர். ஜன்னலுக்குள் குனிந்து, ரகசியம் கேட்பதுபோல் கேட்டார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. அங்க நெஜமாவே பள்ளத்தாக்குன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கும்மா. இருக்கு... ம்மா" என்றார் அக்கா.

அந்தப் பெண்மணி சிரித்துவிட்டு, அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் பேருந்தில் ஏறிவிட்டார். நம்பவில்லை. கல்யாணம் ஆகும் முன்பிருந்தே அந்த நாற்காலியில் உட்கார்ந்து பேசியவர் அக்கா. அவர் குரலை நம்பித்தான் ஊரே பேருந்து ஏறியது. அந்தக் குரலை ஒருத்தி செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு நம்பாமல் போனது அவருக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் வேலைக்கு வரும் வழியில், ஊருக்குள் இருக்கும் என் அச்சுக் கடைக்கு முன்னால் நின்றார்.

"இந்த ஊருக்கு ஒரு சங்கம் வேணும். வேன், லாட்ஜ், கடை, நீ, எல்லாரும் ஒரே வாயில பேசணும். உண்மையைப் பேசணும்."

"உண்மையைப் பேசினா எவன்க்கா வருவான்?"

"பொய்யைப் பேசினா எவன் திரும்பி வருவான்?" என்றார். அதையும் இன்னொரு தடவை சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார்.

அதன்பிறகு அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். வேன்காரர்களின் தலைவருக்கு 'ஹாரன்' என்று பெயர். மெதுவாகப் பேசவே வராத மனிதர். "எங்களுக்குத்தான் ஏற்கெனவே சங்கம் இருக்கே!" என்று அவர் கத்தியது பேருந்து நிலையத்தின் அந்தக் கோடிவரை கேட்டது. "அது வேனுக்கு. இது ஊருக்கு" என்றார் அக்கா. லாட்ஜ்காரர்கள் ஆளுக்கு ஒரு சாக்குச் சொன்னார்கள். முதலில் வந்து நின்றது அக்காவுடைய தம்பி.

தம்பியை ஊரில் எல்லாரும் 'பால்கனி' என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த பால்கனி இருக்கும் ஒரே லாட்ஜ் அவருடையது. காட்சிமுனைக்குக் கொஞ்சம் கீழே, அதே விளிம்பில் இருக்கிறது. அவருக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டதால் அக்காதான் வளர்த்தார். மேகம் இறங்கினால் தம்பிக்கு மூச்சு இழுக்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் கழுத்தில் மப்ளரைச் சுற்றி, பின்பக்கம் முடிச்சுப் போட்டு அனுப்புவார் அக்கா, அவிழ்க்க முடியாதபடி. தெருமுனை திரும்பியதும் என்னிடம் வந்து, "அண்ணே, கொஞ்சம் அவுத்து விடுங்க" என்பான். மீசை முளைத்து, முதலாளி ஆகி, நாலு பேர் அவரிடம் வேலை பார்த்த காலத்திலும், "மப்ளர் கட்டினியா?" என்று அக்கா எல்லார் முன்னாலும் கேட்பார். அவர் நெளிவார். ஆனால் அக்கா வார்த்தையைத் தட்டமாட்டார். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும். என் பேரை முதல்ல எழுதுங்க" என்று அவர் சொன்ன பிறகு மற்ற லாட்ஜ்காரர்களுக்கு வேறு வழியில்லை.

முதல் கூட்டம் பேருந்து நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் நடந்தது. ஒரு லாட்ஜ்காரர் இன்னொருவர் லாட்ஜ் படியை மிதிக்கமாட்டார் என்பதால் அக்கா பிடித்த பொது இடம் அது. தலைவர் யார் என்பதில் சண்டை ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் தன்னைத் தவிர யாரும் யோக்கியன் இல்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா உள்ளே போய் மைக்கைப் போட்டார்.

"தலைவராக விருப்பம் உள்ளவர்கள் நாளைக் காலை காட்சிமுனைக் கழிவறைக்கு வரவும். முதல் வேலை அங்கேதான் இருக்கிறது." வழக்கம்போல் இரண்டாவது தடவையும்.

மறுநாள் காலையில் விளக்குமாற்றோடு வந்தவர்கள் மூன்று பேர். அக்கா, பால்கனி, சோளக்காரம்மா. அக்காவுக்குத் தலைமைப் பதவியில் நாட்டமில்லை. தம்பியைத் தலைவர் ஆக்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது. ஆகவே சோளக்காரம்மா எங்கள் முதல் தலைவர் ஆனார். அக்கா செயலாளர். பதிவு அலுவலகத்துக்குக் கொடுத்த தாளில், சங்கத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'வந்தவர்கள் திட்டாமல் திரும்புவது' என்று அக்கா எழுதியிருந்தார். அங்கிருந்தவர் அதை அடித்துவிட்டு ஒரு பெரிய பத்தி எழுதினார். அது எங்களில் யாருக்கும் புரியவில்லை, அதனால் எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது.

அந்தச் சமயம் பேருந்து நிலையத்தில் பதிவு செய்த குரல் வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் யாரோ ஒரு பெண் தேன் குடித்த மாதிரி எல்லா ஊர்ப் பெயரையும் தப்பாகச் சொல்வாள். வேறு வேலை தருகிறோம் என்றார்கள். அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, காலியான அறிவிப்பு அறையைச் சங்கத்துக்கு வாடகைக்குக் கேட்டார். மைக்கோடு கொடுத்தார்கள். அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே தண்ணீர்ச் செம்பு. தையல்காரர் நாற்காலிக்குப் புது உறை தைத்துக் கொடுத்தார்.

இறங்குகிறவர்கள் இனி அந்த ஜன்னலுக்குத்தான் வரவேண்டும் என்று ஆனது. வேன் முறைப்படி, அறை முறைப்படி. பெட்டியை இழுத்தவருக்கு அன்றைக்கு முறை போய்விடும் என்று அக்கா விதி வைத்ததும், இழுத்த கைகள் எல்லாம் பெட்டியைத் தூக்கிக் கொடுக்கும் கைகள் ஆயின. துருப்பிடித்த வேலிக் கம்பிக்குப் பச்சை வர்ணம் அடித்தோம். சங்கத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி என் படங்களைப் போட்டார்கள். யாரையும் விரட்டிப் பிடிக்காமலே என் படத்தை மனிதர்கள் பார்த்தது அப்போதுதான். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

உண்மையைச் சொல்வதற்கு அக்கா ஓர் அளவுகோலும் செய்தார். மேகம் அதிகம், மேகம் குறைவு என்றால் ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்வார்கள், ஹாரனைக் கேட்டால் எப்போதும் குறைவுதான். அதனால் நான்கே நான்கு பொருள்: கம்பி, மரம், ஆறு, எதிர்மலை. கண்ணுக்கு எதுவரை தெரிகிறதோ அதுதான் அன்றைய நிலவரம். காலையில் அடுப்பு மூட்டப் போகும் சோளக்காரம்மா வேலி ஓரம் நின்று பார்த்துவிட்டு அறைக்குப் போன் செய்வார். "மரம்" என்பார், அல்லது "ஆறு" என்பார். அக்கா மைக்கில் சொல்வார். எதிர்மலை என்ற நாளில் வேன்கள் பறக்கும். கம்பி என்றால் வேலிக் கம்பியைத் தவிர வேறொன்றும் தெரியாது. கொஞ்ச நாளில் இது ஊர்ப் பேச்சு ஆகிவிட்டது. கடன் கேட்கப் போனவன் திரும்பி வந்து, "அவர் மூஞ்சியில கம்பி மட்டும்தான்" என்பான்.

கம்பி நாளில் அக்கா அதை மைக்கில் சொன்னதும் பாதிப் பேர் அடுத்த பேருந்தைப் பிடித்தார்கள். உறுப்பினர்கள் முணுமுணுத்தார்கள். "கொஞ்சம் நாசூக்கா சொல்லக்கூடாதா?" என்றார் ஒரு லாட்ஜ்காரர். "கம்பியை எப்படி நாசூக்கா சொல்றது?" என்று கேட்டார் அக்கா.

பெரிய இடி தம்பி பக்கத்திலிருந்து வந்தது. பெரிய நகரத்துச் சுற்றுலா நிறுவனம் ஒன்றை அவர் நெடுநாளாக விரட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பிடித்துப்போனால் வாரா வாரம் ஒரு பேருந்து நிறைய ஆட்கள் அவர் லாட்ஜுக்கு வருவார்கள். அதை நம்பி மாடியில் இன்னும் ஒரு வரிசை அறை எழுப்பிக்கொண்டிருந்தார். நிறுவனத்திலிருந்து ஒரு கூட்டம் இடத்தைப் பார்த்து முடிவு செய்ய வந்த அன்று, காலையில் சோளக்காரம்மா போனில் சொன்னது ஒரே வார்த்தை.

பால்கனி அறிவிப்பு அறைக்கு ஓடி வந்தார். நான் உள்ளே படங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, அவங்க பஸ் உள்ள வருது. இன்னிக்கு ஒரு நாள் மைக்கைத் தொடாதே."

"எல்லா நாளும் சொல்றேன். இன்னிக்கு மட்டும் எப்படிடா சொல்லாம இருக்கறது?"

"பொய் சொல்லச் சொல்லலையே. சும்மா இருன்னுதான் சொல்றேன். நான் மேல கூட்டிட்டுப் போய்ப் பேசிக்கிறேன். அதுக்குள்ள பத்து நிமிஷத்துல..." என்று ஆரம்பித்து, அந்த வாக்கியத்தை அவரே பாதியில் விழுங்கிக்கொண்டார்.

அக்கா தம்பியின் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன், அந்த முகத்துக்காக யாராக இருந்தாலும் சும்மா இருந்திருப்பார்கள். நான் இருந்திருப்பேன். அக்கா மைக்கைப் போட்டார். "காட்சிமுனையில் கம்பி மட்டும். பள்ளத்தாக்கு தெரியாது." பிறகு நிதானமாக இன்னொரு தடவை.

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கீழே இறங்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

"உனக்கு ஊரெல்லாம் வேணும். நான் ஒருத்தன்தான் வேண்டாம்" என்றார் தம்பி. அன்றைக்கே லாட்ஜ் வாசலில் இருந்த சங்கப் பலகையைக் கழற்றினார். அதன்பிறகு அக்காவோடு பேச்சுவார்த்தை இல்லை. மாடியில் பாதி எழுந்த சுவர்கள் அப்படியே நின்றன.

பெரிய லாட்ஜ் விலகினால் சின்ன லாட்ஜ்கள் சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாகப் பலகைகள் இறங்கின. வேன்காரர்களில் பாதிப் பேர் விலகிப் பழையபடி பெட்டியை இழுக்கத் தொடங்கினார்கள். ஹாரன் மட்டும், "நான் போகவும் இல்ல, இருக்கவும் இல்ல" என்று ஊருக்கே கேட்கும்படி ரகசியமாகச் சொன்னார். சங்கம் மூடிவிடும் என்றே எல்லாரும் நினைத்தோம். தம்பியும் போய், சங்கமும் போனால் அக்காவுக்கு மிஞ்சுவது ஒரு மைக் மட்டும். "ஒரு தடவை நீங்களே போய்ப் பேசிட்டு வாங்கக்கா" என்றேன். "என்னன்னு பேச? அன்னிக்கு மேகம் இல்லன்னா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுதிருந்தார்.

தூது போனது தையல்காரர். லாட்ஜுக்குத் திரைச்சீலை அளவெடுக்கப் போகிற சாக்கில் போவார். எந்த ஜன்னலை எத்தனை தடவைதான் அளப்பது? "மாமா, போன வாரம்தானே அளந்தீங்க?" என்று பால்கனியே கேட்டிருக்கிறார். "துணி சுருங்குது மாப்ளே" என்றாராம் இவர். வீட்டுக்கு வந்து, "நல்லாத்தான் இருக்கான். ராத்திரியில கொஞ்சம் இருமறானாம்" என்பார். அக்கா கேட்காத மாதிரி கேட்டுக்கொள்வார்.

இருந்த சிலரை வைத்துக்கொண்டு அக்கா தொடர்ந்து நடத்தினார். கம்பி நாளில் பிடிவாதமாக மேலே ஏறுகிறவர்களுக்கு ஒரு திரும்பி வரும் சீட்டு கொடுத்தார். என்றைக்கு வேண்டுமானாலும் திரும்ப வரலாம், நுழைவும் வேனும் இலவசம். ஊர் சிரித்தது. போனில் கூப்பிட்டுக் கேட்கிறவர்களிடம், "நாளைக்கு வராதீங்க. மேகம் இறங்குற மாதிரி இருக்கு. ரெண்டு நாள் கழிச்சுக் கூப்பிட்டுக் கேட்டுட்டுக் கிளம்புங்க" என்பார். "ஆளை வராதேன்னு சொல்றதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு செயலாளர்" என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

இன்னொன்றும் செய்தார், அதுதான் மிச்சமிருந்த உறுப்பினர்களை எரியவைத்தது. எந்த லாட்ஜிலிருந்து பள்ளத்தாக்கு தெரியும் என்று யாராவது கேட்டால் தம்பியின் லாட்ஜைச் சொல்வார்.

"விலகிப் போனவனுக்கு நாம ஏன்க்கா ஆள் அனுப்பணும்? தம்பிங்கிறதாலயா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"பால்கனி அங்கதான் இருக்கு. அதை நான் என்ன உங்க லாட்ஜுக்கா தூக்கிட்டு வரமுடியும்? தெரியுமான்னு கேட்டாங்க, சொன்னேன். சும்மா ஒரு அறை வேணும்னு கேட்கட்டும், உங்களுக்குத்தான் அனுப்புவேன்."

அப்படியே அனுப்பினார். சண்டைக்கு வந்தவரே பிறகு அதை ஒப்புக்கொண்டார்.

எப்போது மாறியது என்று என்னால் குறிப்பாகச் சொல்ல முடியாது. அறையில் போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. கிளம்பும் முன்பே கேட்டுவிட்டு வந்தார்கள். எதிர்மலை நாளில் கூட்டம் நெரிந்தது. கசங்கிப்போன சீட்டுகளைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்திருந்து, இந்தத் தடவை மாமியார், மச்சினன், பக்கத்து வீட்டுக்காரர்கள் என்று ஒரு படையையே கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சீட்டு இருப்பவருக்கு மட்டும்தான் இலவசம், படைக்கு இல்லை. ஹாரன் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "நான் எப்பவுமே சங்கத்துலதான் இருக்கேன்!" என்று அறிவித்தார். சின்ன லாட்ஜ்களின் பலகைகள் சத்தமில்லாமல் மறுபடி ஏறின. தம்பியின் பலகை ஏறவில்லை.

ஆனால் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. அவர் லாட்ஜில் தங்க வந்த ஒரு குடும்பம் சொல்லியிருக்கிறது. "பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா இருக்காங்களே, ரெண்டு ரெண்டு தடவை சொல்வாங்க, அவங்கதான் உங்க லாட்ஜைச் சொன்னாங்க. அவங்க சொன்னா நம்பலாமாமே!" தையல்காரர் அப்போது அங்கே ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். பால்கனி எழுந்து உள்ளே போய்விட்டார் என்று வந்து சொன்னார்.

அந்தச் சுற்றுலா நிறுவனத்தையும் தம்பி விட்டுவிடவில்லை. நடையாக நடந்து, கெஞ்சி, கடைசியில் ஒரு பேருந்து அனுப்பிப் பார்க்கிறோம் என்று அவர்களைச் சொல்ல வைத்திருந்தார். அது வந்த நாள் காலையில் நான் அறிவிப்பு அறையில் இருந்தேன். சோளக்காரம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை என்று வீட்டிலிருந்து செய்தி வந்திருந்தது. மேலே போய்ப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. ஊருக்குள் மூட்டமாக இருந்தது, ஆனால் கீழே மூட்டமாக இருக்கும் நாளில் மேலே பளிச்சென்று இருந்ததும் உண்டு. ஹாரன் வேனைக் கிளப்பினார், நான் ஏறப் போனேன். அதற்குள் நிறுவனத்தின் பேருந்து உள்ளே வந்து நின்றுவிட்டது. முன் இருக்கையில் இருந்த பெண் இறங்கி நேராக ஜன்னலுக்கு வந்து, "இன்னிக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார்.

"இன்னும் தகவல் வரலைங்க" என்றார் அக்கா. "இன்னும் தகவல்... வரலைங்க." காலை நேரத்தில் அந்த ஒலிபெருக்கிகள் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் தொங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

போன் அடித்தது. அக்கா எடுத்தார். ரிசீவரைக் காதில் இறுக்கிக்கொண்டு அப்படியே நின்றார். அந்தப் பக்கம் பேசியது எனக்கும் கேட்டது, அறை அவ்வளவு சின்னது.

"பால்கனியிலேர்ந்து பேசறேன்" என்றது குரல். "கம்பி மட்டும்."

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். சோளக்காரம்மா படுத்திருக்கும் விஷயம் அவருக்கும் தெரிந்திருக்கிறது. விளிம்பை அங்கிருந்து பார்க்க முடியும் என்றாலும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தால் பேருந்து நேராக அவர் வாசலுக்குப் போயிருக்கும். பாதி எழுந்த சுவர்களைப் பார்த்துக்கொண்டு, அதே பால்கனியில் நின்றுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

அக்கா மைக்கைப் போட்டார். "காட்சிமுனையில் கம்பி மட்டும்" என்றார். அத்தோடு நின்றுவிட்டது. பேருந்து நிலையம் முழுவதும் இரண்டாவது தடவைக்குக் காத்திருந்தது. மூட்டை தூக்கியவர் தூக்கியபடி நின்றார். அக்கா ரிசீவரை இன்னும் கையில் பிடித்திருந்தார். நாங்கள் கேட்டு வளர்ந்த அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவையோடு நின்ற அறிவிப்பு அதுதான்.

வேனுக்குள்ளிருந்து ஹாரன் தலையை நீட்டினார். "கம்பி மட்டும்!" என்று தொண்டை கிழியக் கத்தி, ஊரின் பாக்கியைத் தீர்த்துவைத்தார்.

அந்தப் பேருந்து திரும்பிப் போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, எல்லாருக்கும் திரும்பி வரும் சீட்டு கொடுப்பீர்களா என்று கேட்டார். மாடிச் சுவர்கள் எழுந்து இப்போது கூரையும் போட்டாகிவிட்டது. ஆனால் நான் சொல்ல வந்தது அதில்லை.

அக்கா மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மைக்குக்குப் பக்கத்திலேயே போனையும் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு எல்லா ஒலிபெருக்கியிலும், பேருந்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்த அந்நியர்கள் எல்லார் தலைக்கு மேலும், அக்காவின் குரல் கேட்டது.

"மப்ளர் கட்டியிருக்கியாடா?"

அக்கா நிதானமாக இரண்டாவது தடவை கேட்டார். "மப்ளர்... கட்டியிருக்கியாடா?"

"கட்டியிருக்கேன்க்கா" என்று சன்னமாக வந்தது. அதுவும் ஒலிபெருக்கியில் கேட்டது.

கட்டியிருந்தாரோ இல்லையோ, யாருக்குத் தெரியும்? கம்பியைத் தாண்டி ஒன்றும் தெரியாத காலை அது. போய்ப் பார்த்துவிட்டு வா என்று அக்கா யாரையும் அனுப்பவில்லை. சரி என்று சொல்லிப் போனை வைத்தார்.